கடல்மேல் போட்ட பழி

'கடலை இழந்தோம், அதனால் நாட்டை இழந்தோம்.' தமிழில் வரலாறு பேசுகிற எந்த இடத்துக்குப் போனாலும் இந்த வாக்கியம் காதில் விழும். யூடியூபில், வாட்ஸாப்பில், புத்தகக் கண்காட்சி மேடையில். சொல்பவரின் குரல் லேசாகத் தழுதழுக்கும். அதற்கு முந்தைய வாக்கியம் அநேகமாக ராஜேந்திர சோழனின் கடற்படையைப் பற்றியதாக இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடாரம் வரை கப்பல் விட்டோம், அப்புறம் கடலை மறந்தோம், மறந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரன் வந்தான். கதை முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெருமை, துக்கம் இரண்டும் ஒரே மூச்சில் கிடைத்துவிடுகின்றன.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை தவறு. தவறு என்பதைவிட, மிக வசதியானது. நம்மைக் கேள்வியே கேட்காத ஒரு கதை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் நள்ளிரவில் ஏதாவது விழுந்துவிட்டால் முதலில் எழும் குரல் 'நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும்' என்பதுதான். காரணம் எளிது. நெட்வொர்க் வேறு ஒரு டீமுடையது. நம் நிரலை யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. நம் வரலாற்றில் கடல் அந்த நெட்வொர்க்.

இந்த வாதத்துக்குக் கௌரவமான ஒரு பிதாமகர் உண்டு. கே. எம். பணிக்கர். 1945-ல் அவர் எழுதிய 'இந்தியாவும் இந்தியப் பெருங்கடலும்' சின்னப் புத்தகம், ஆனால் அதன் நிழல் பெரிது. அதன் சாரம் இதுதான்: நிலவழியாக வந்தவர்கள் எல்லோரும் இந்தியாவில் கரைந்துபோனார்கள்; பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலின் ஆதிக்கம் கைவிட்டுப் போனபோதுதான் இந்தியா தன் சுதந்திரத்தை இழந்தது. அவருக்கு முன்னால் 1890-ல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மாஹன் இதையே உலக விதியாக எழுதிவிட்டார். டூப்ளே இந்தியாவில் தோற்றது கடல் ஆங்கிலேயனிடம் இருந்ததால்தான் என்பது மாஹனின் தீர்ப்பு. பணிக்கர் எழுதிய காலத்தை நான் மதிக்கிறேன். சுதந்திரம் வாசலில் நிற்கும்போது, புது நாடு கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் உரக்கச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆனால் கொள்கை விளக்கமாக எழுதப்பட்டதை வரலாற்றுக் காரணமாக நாம் எடுத்துக்கொண்டோம்.

சோதித்துப் பார்ப்போம். டையூ போர் 1509-ல். அதில் போர்ச்சுகீசியர் எகிப்து, குஜராத், கோழிக்கோட்டுக் கப்பல்களைச் சேர்த்து அடித்தார்கள். அதற்குப் பிறகு நூறு வருடம் அரபிக்கடலில் அவர்கள் சீட்டு இல்லாமல் கப்பல் ஓட்டுவது ஆபத்து. சரி, கடல் போய்விட்டது. நாடு போனதா? போர்ச்சுகீசியனிடம் என்ன இருந்தது? கோவா, டையூ, டாமன், இன்னும் சில கரையோரக் கோட்டைகள். அடுத்து டச்சுக்காரன் வந்தான். பழவேற்காடு, பிறகு 1658-ல் நாகப்பட்டினம், அதற்கும் பிறகு கொச்சி. கடலில் அவனை மிஞ்ச ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது. அவனும் கரையைத் தாண்டவில்லை. தாண்டப் பார்த்தபோது என்ன ஆனது என்பதற்கு நம் குளச்சலே சாட்சி. 1741-ல் அங்கே இறங்கிய டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா மடக்கினார். சரணடைந்த டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, அங்கேயே வாழ்ந்து, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். தக்கலை பக்கம் போனால் கல்லறையைப் பார்க்கலாம்.

ஆக, 1509-க்கும் 1757-க்கும் நடுவே ஏறத்தாழ இருநூற்றைம்பது வருஷம். காரணம் ஒரு பக்கம், விளைவு இன்னொரு பக்கம், இடையில் பத்துத் தலைமுறை. இப்படி ஒரு காரணத்தைச் சொன்னால் எந்த மேனேஜரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த இருநூற்றைம்பது வருஷத்தின் முடிவில் புதிதாக என்ன வந்தது என்றுதானே கேட்க வேண்டும்? கப்பல் புதிதில்லை. பீரங்கியும் புதிதில்லை. புதிதாக வந்தது மாதச் சம்பளம் வாங்கும் நம்மூர் சிப்பாய்.

1746-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த செப்டம்பரில் லா பூர்தொனே பிரெஞ்சுக் கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்தார். இது கடற்படையின் வெற்றி, மறுக்கவில்லை. அக்டோபரில் புயல் அடித்தது. அவருடைய கப்பல்கள் சில மூழ்கின, பல நொறுங்கின. மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். கடல் காலி. இப்போது ஆற்காட்டு நவாபின் மகன் மஹ்பூஸ் கான் படையோடு வருகிறார். பத்தாயிரம் பேர் என்கிறார்கள். எதிரே பரதி என்ற சுவிஸ்காரரின் தலைமையில் ஏறத்தாழ இருநூற்றுச் சொச்சம் பிரெஞ்சுக்காரர்கள், எழுநூறு சிப்பாய்கள். அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே ஆற்றுக்குள் இறங்கி நடந்து வந்து, வரிசையாக நின்று சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடி வந்தார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்கள் வழியாகச் சிதறியது. நான் பலமுறை அந்தப் பாலத்தைத் தாண்டி அலுவலகம் போயிருக்கிறேன். அங்கே இந்தச் சண்டையை நினைவுபடுத்தும் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

கவனியுங்கள், அந்த நேரத்தில் கடலில் உதவ எந்தக் கப்பலும் இல்லை. இந்தியாவின் அடுத்த நூறு வருடத்தைத் தீர்மானித்த அந்த வித்தை, அதாவது சின்ன, பயிற்சி பெற்ற, வரிசை கலையாத காலாட்படை பெரிய குதிரைப்படையை உடைக்கும் என்பது, அந்த ஆற்றங்கரையில் தெரிந்துபோனது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலேயனும் சிப்பாய்களை முறையாகச் சேர்க்க ஆரம்பித்தான்.

கோரமண்டலக் கரையைத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இது கடற்படைக்கு ஏற்ற கரையே அல்ல. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் பண்டமும் மசூலா படகில் அலையைத் தாண்டி வர வேண்டும், தபால் கட்டுமரத்தில் வரும். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று. போர்க்கப்பல்கள் பம்பாய்க்கோ, திருகோணமலைக்கோ, மொரீஷியஸுக்கோ ஓடிவிடும். வருஷத்தில் மூன்று மாதம் 'கடலாதிக்கம்' விடுமுறையில் போய்விடும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் வருவது எவ்வளவு பெரிய செய்தி என்று பாருங்கள். எங்கிருந்து வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள் என்றெல்லாம் எழுதுவார். கப்பல் என்பது எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்று. எப்போதும் கூடவே இருக்கிற ஒன்று அல்ல.

1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சு அட்மிரல் தாஷே மொரீஷியஸுக்குப் போய்விட்டிருந்தார். ஆங்கில அட்மிரல் போக்காக் பம்பாயில். இரண்டு கடற்படைகளும் இல்லாத கடற்கரையில் இரண்டு மாதம் சண்டை நடந்தது. கோட்டைக்குள் இருந்தது ஐரோப்பியரும் சிப்பாய்களுமாக ஏறத்தாழ நாலாயிரம் பேர். வெளியே, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து லாலியின் முதுகில் ஒருவர் குத்திக்கொண்டே இருந்தார். மாட்டைப் பிடித்துக்கொண்டு போவது, தானியம் வரும் வழியை மறிப்பது, அடித்துவிட்டு மறைவது. முகம்மது யூசுப் கான். ராமநாதபுரத்துப் பனையூர்க்காரர். நம் வழக்கில் மருதநாயகம்.

1759 பிப்ரவரி 16-ம் தேதி ஆங்கிலக் கப்பல்கள் வந்தன, மறுநாள் லாலி கிளம்பினார். மாஹன் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். பாத்தீங்களா, கப்பல்தான் காப்பாத்துச்சு! சரி, அப்படியே வெச்சுக்குவோம். ஆனால் அறுபது நாள் தாங்காத கோட்டைக்கு அறுபத்தொன்றாவது நாள் வரும் கப்பலால் என்ன பிரயோஜனம்? லாலியிடம் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, தின்னக் கொடுக்க அரிசியில்லை, அதற்கு யூசுப் கானும் ஒரு காரணம். நம் நினைவிலோ அந்த மனிதர் வெளிவராத ஒரு சினிமாவின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறார். கும்பெனிக்காக அவ்வளவு செய்தவரை அதே கும்பெனியும் நவாபும் 1764-ல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். மதுரையிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?

வந்தவாசியையும் பேசியாக வேண்டும். அங்கே என் வாதத்துக்கு வசதியில்லாத விஷயமும் இருக்கிறது. 1760 ஜனவரி 22. அயர் கூட்டின் பக்கமும் லாலியின் பக்கமும் தலைக்கு இரண்டாயிரம் ஐரோப்பியர்கள் போலத்தான். சண்டையின் சுமை அவர்கள்மேல்தான் விழுந்தது; சிப்பாய்கள் அன்று பெரும்பாலும் பின்வரிசையில். லாலிக்கு உதவ வந்த முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை வேடிக்கை பார்த்தது. லாலி தன் இடது பக்கத்து மேட்டில் நிறுத்தியிருந்தது தாஷேயின் கப்பலிலிருந்து இறக்கிவிட்ட ஆட்களை. அங்கே வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்து எண்பது பேர் போல விழுந்ததும் மிச்சப் பேர் ஓடிவிட்டார்கள். பூஸி சிறைப்பட்டார். கடலில் சண்டை போடப் பழகியவனைக் கரையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

ஆனால் தாஷே அதற்கு முன்பே, 1759 அக்டோபரில், திரும்பி வராமல் போய்விட்டாரே, அதனால்தானே லாலி அனாதையானார் என்று கேட்கலாம். கேட்க வேண்டும். உண்மைதான். பிரெஞ்சுக்காரனுக்குப் புது ஆள், புதுப் பணம் வரும் வழி அடைபட்டது. கடல் செய்தது அது. ஐரோப்பியன் இன்னொரு ஐரோப்பியனைத் தோற்கடிப்பதற்குக் கடல் தேவைப்பட்டது. இந்தியா ஆங்கிலேயனுக்கா பிரெஞ்சுக்காரனுக்கா என்ற கேள்விக்குக் கடல் பதில் சொன்னது. இந்தியா ஏன் இந்தியர்களிடம் இல்லாமல் போனது என்ற கேள்வி வேறு. அந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் பணிக்கர் தொடங்கி நம் யூடியூபர்கள் வரை நடந்திருக்கும் கோளாறு.

அடுத்த வருடம் பாண்டிச்சேரி. நிலத்தில் கூட் சுற்றி நின்றார், கடலில் கப்பல்கள். கோட்டைக்குள் சோறு தீர்ந்தது. 1760 நவம்பர் இறுதியில் லாலி ஊர்க்காரர்கள் சுமார் 1,400 பேரை வெளியே துரத்தினார். ஆங்கிலப் படை அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. திரும்பப் போனால் பிரெஞ்சுக்காரன் சுட்டான். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, புல் பூண்டு வேரைத் தோண்டித் தின்றுகொண்டு, எட்டு நாள் கிடந்தார்கள். கடைசியில்தான் கூட் வழிவிட்டார். எந்தக் 'கடலாதிக்கம்' புத்தகத்திலும் இவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் இருப்பதாக எனக்கு நினைவில்லை.

1761 புத்தாண்டு அன்று புயல். முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களில் மூன்று மூழ்கின, மூன்று கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். கடற்படைதான் எல்லாம் என்றால் அன்றோடு முற்றுகை முடிந்திருக்க வேண்டும். நிலத்தில் நின்றவன் நகரவில்லை. ஒரு வாரத்துக்குள் மிச்சக் கப்பல்கள் திரும்பிவந்து வழியை அடைத்தன. இரண்டு வாரத்தில் பாண்டிச்சேரி சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே ஜனவரியில்தான்.

எதிர்த்தரப்பின் மிகப் பலமான சாட்சி ஹைதர் அலி. கடலை என்னால் வற்றவைக்க முடியாதே என்று அவர் வருந்தியதாக ஒரு பேச்சு உண்டு. கடல்வாதிகளின் வேதவாக்கு அது. அதற்கு ஆதாரமாக 1781-ஐக் காட்டுவார்கள். அந்த பிப்ரவரியில் கூட் கடலூரில் மாட்டிக்கொண்டிருந்தார். நிலத்தில் ஹைதர், கடலில் பிரெஞ்சு அதிகாரி தோர்வின் கப்பல்கள். ஹைதர் கெஞ்சினார், இன்னும் கொஞ்ச நாள் இரு என்று. தோர்வ் கிளம்பி மொரீஷியஸுக்குப் போய்விட்டார். கூட் பிழைத்தார், ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் வயிறு எரிகிறது. கப்பல் நின்றிருந்தால் கதை வேறு. அட, அதிலும் பாருங்கள், கூட்டைப் பட்டினி போட்டது யார்? கிராமங்களை வெறுமையாக்கி, மாடுகளை ஓட்டிப்போய், சுற்றி நின்ற ஹைதரின் குதிரைப்படை. கடல்வாசல் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அது முக்கியமாவதே நிலத்தில் ஒருவன் கழுத்தைப் பிடித்திருக்கும்போதுதான்.

அடுத்த வருடமே விதி ஒரு பரிசோதனை நடத்தியது. தோர்வ் மாதிரி ஓடாத ஒருவரை அனுப்பியது. சுஃப்ரென். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆகச் சிறந்த கடற்படைத் தலைவர்களில் ஒருவர். 1782-ல் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, பிறகு இலங்கைக் கரையில், பிறகு நாகப்பட்டினத்தில், பிறகு திருகோணமலையில், 1783 ஜூனில் கடலூரில். ஒன்றரை வருடத்தில் ஐந்து பெரிய கடற்போர்கள், எதிரே ஹியூஸ். பாய்மரம் உடைந்தால் மாற்றக்கூட இடமில்லாத கரையில், ஒரு போரிலும் ஒரு கப்பலையும் பறிகொடுக்காமல், திருகோணமலையையும் பிடித்தார். ஹைதரையும் நேரில் வந்து சந்தித்தார். கடலூரில் அவர் ஜெயித்தது அங்கே முற்றுகையில் கிடந்த பூஸியைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இத்தனைக்கும் அந்தக் கடைசிப் போர் நடந்தபோது ஐரோப்பாவில் முதல்கட்ட சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. செய்தி வந்துசேரவில்லை.

விளைவு? பூஜ்யம். திருகோணமலை டச்சுக்காரனுக்குத் திரும்பிப் போனது. கும்பெனியோடு மைசூரின் கணக்கு 1784-ல் மங்களூரில், நிலத்தில் நடந்த சண்டையை வைத்துத் தீர்ந்தது.

அந்த மைசூர் கடைசியில் எப்படி விழுந்தது? ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் கடல் கிடையாது. 1791-ல் கார்ன்வாலிஸ் கோட்டை வாசல்வரை வந்துவிட்டு, பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். காரணம், இழுக்க மாடு இல்லை. செத்துப்போய்விட்டன. அதற்குப் பிறகுதான் பஞ்சாராக்களிடம் தானியமும் பொதிமாடும் ஏற்பாடு செய்துகொண்டு திரும்பி வந்தார்கள். 1799-ல் ஜெனரல் ஹாரிஸின் படை நகர்ந்ததைப் பற்றிப் படித்தால், அது ராணுவமா மாட்டுச் சந்தையா என்று சந்தேகம் வரும். கண்ணுக்கெட்டிய தூரம் காளைகள். திப்புவைத் தோற்கடித்த கடற்படையைப் பற்றி யாராவது புத்தகம் எழுதினால் அந்தக் காளைகள் சிரிக்கும். ஹைதருக்கு வற்றாத கடல் பிரச்சினை என்றால், அவர் மகனுக்கு வற்றாத மாட்டு மந்தை பிரச்சினை. இரண்டுக்கும் பின்னால் ஒரே விஷயம்தான்: கும்பெனியிடம் காசு இருந்தது. 1765-க்குப் பிறகு வங்காளத்து வரிப்பணம். இங்கே ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாங்கிய கடன். கடனுக்கு ஈடாக அவர் எழுதிக்கொடுத்த ஊர்கள். அந்த வரியை உழுது விளைவித்துக் கட்டியவர்கள் நம் முப்பாட்டன்கள். அதிலிருந்து சம்பளம் வாங்கிச் சுட்டவர்களும் நம் முப்பாட்டன்கள்.

ஆற்காட்டு முற்றுகையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1751-ல் கிளைவோடு உள்ளே மாட்டிய சிப்பாய்கள், சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் வடித்த கஞ்சியைக் குடித்தார்களாம். நடந்ததோ இல்லையோ, ஆங்கிலேயர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்பதுதான் விஷயம். தங்கள் ராஜ்ஜியம் எதன்மேல் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலூரில் 1806-ல் அந்தச் சிப்பாய் திரும்பி நின்ற சில மணிநேரத்தில் அவர்களுக்கு வந்த நடுக்கம் எந்தக் கடற்போரிலும் வந்ததில்லை. நாமோ அந்த ஆளை மறந்துவிட்டோம். துரோகி என்று திட்டக்கூட நினைவில்லை. அவன் ஏன் போனான், நவாபிடம் எத்தனை மாதச் சம்பளம் பாக்கி, பாளையக்காரனிடம் அவனுக்கு என்ன மரியாதை இருந்தது, இதையெல்லாம் கேட்க ஆரம்பித்தால் கதை அசிங்கமாகும். 'கடல் வழியா வந்துட்டான்' என்றால் சுத்தமாக முடிந்துவிடும்.

ராஜேந்திரனிலும் இதே கதைதான், தலைகீழாக. அவர் மெய்க்கீர்த்தியை நிதானமாகப் படியுங்கள். கப்பல் பல என்று வரும், எண்ணிக்கை கிடையாது. ஆயிரம் போர்க்கப்பல் என்பதெல்லாம் பிற்காலத்து வாட்ஸாப் கணக்கு. கடலில் நடந்த ஒரு மோதல்கூட அதில் இல்லை. கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்தது, பொருளை எடுத்தது, மணி பதித்த வாயில்களைக் கொண்டுவந்தது, பிறகு பிடித்த ஊர்களின் பட்டியல். எல்லாமே இறங்கி நடந்தவன் செய்த வேலை. அவன் வணிகர்கள் ஏற்கெனவே போய்வந்துகொண்டிருந்த வழியில்தான் போனான். போனவன் அங்கே நாடு அமைத்துத் தங்கவில்லை. நாம் கப்பலுக்குச் சிலை வைக்கிறோம். வாளோடு சேற்றில் இறங்கியவனின் பெயர், ஊர், கூலி எதையும் தேடுவதில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். கடலை இழந்ததால் சுதந்திரம் போனது என்றால், சுதந்திரம் திரும்பி வந்தபோது கடலும் திரும்பி வந்திருக்க வேண்டும் இல்லையா? 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தது பெரிய விஷயம்தான். ஆனால் வெள்ளைக்காரன் பயந்தது அந்தக் கப்பல்களின் பீரங்கிக்கு அல்ல. தரைப்படைச் சிப்பாயும் இப்படிக் கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்றுதான். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷ் கடற்படையை எதிர்க்க இந்தியாவிடம் எதுவும் இல்லை. சுஃப்ரென் பிடித்துக் கைவிட்ட அதே திருகோணமலையில் அவர்களுடைய தளம் இருந்தது. 1957 வரை இருந்தது.